பம்பு நின்ற நிமிடம்

காலை பத்து மணி. ஏரியில் காற்று அடங்கிவிட்டது. கரையிலிருந்த சூரியத் தொலைநோக்கியை இயக்கும் த்வான் சியூயிங் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று நாளாகக் கறுத்துக் கிடக்கும் சூரியப்புள்ளி எந்த நிமிடமும் வெடிக்கலாம்.

போன மாதமும் இப்படித்தான். குவிகிற வெயிலைத் தாங்கும் உலோகத்தட்டைக் குளிரவைக்க ஒரு பம்பு உள்ளே தண்ணீரை ஓட்டும். அந்த ஓட்டத்தை அளக்கும் முள் பூஜ்யத்தில் விழவே, பதறிப்போய்த் தொலைநோக்கியின் மூடியைப் போட்டாள். கெட்டது முள்தான். வெடிப்பைப் படம்பிடிக்கும் வாய்ப்பு பறிபோனது. அன்றிலிருந்து சமையற்காரர்வரை எல்லோருக்கும் அவள் 'மூடியம்மா'. இன்னொரு முறை நடந்தால் அடுத்த வேலை ஒப்பந்தம் கிடையாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

"படம் லேசா ஆடுது, இதோ வரேன்," என்று வெளியே போன ஆய்வாளர் கோங் சிரித்துக்கொண்டே திரும்பினார். படம் அசையாமல் நின்றது.

"என்ன சார் பண்ணீங்க?"

"நம்ம நல்ல நேரம்மா!"

அப்போதுதான் முள் பூஜ்யத்தில் விழுந்தது.

"சார், தண்ணி!"

"ஆரம்பிச்சிட்டியா மூடியம்மா? அந்த முள்ளுக்கு வேற வேலை இல்ல. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

தட்டு ஒரு நிமிடத்துக்குமேல் தாங்காது. முள் சொல்வது பொய்யென்றால் அவள் வேலை போகும். மெய்யென்றால் தொலைநோக்கியே போகும். மேசையில் இருந்த தேநீரைப் பார்த்தாள். பம்பு ஓடினால் கோப்பையில் சன்னமாக ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். இப்போது இல்லை.

பொத்தானை அழுத்தினாள். மூடி பாதி நகர்ந்தபோது, புள்ளியின் நடுவே வெள்ளைக் கீற்று ஒன்று பளிச்சிட்டது. உடனே திரை இருண்டது.

"பாவி! ரெண்டு வருஷமா இதுக்குத்தானே காத்துக் கெடந்தேன்!"

கோங் போட்ட சத்தத்தில் இயக்குநர் நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

"மறுபடியும் முள்ளுதான் சார். இவ மூடிட்டா," என்றார் கோங்.

சியூயிங்குக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பம்பு ரூமுக்கு வாங்க சார், ரெண்டு பேரும்!"

பம்பு நின்றிருந்தது. சுவிட்சின்மேல் ஒட்டிய தாளில் கோங்கின் கையெழுத்து: 'பம்பின் அதிர்வு படத்தைக் கெடுக்கிறது. வெடிப்பு முடியும்வரை யாரும் தொடவேண்டாம்.' அதற்குக் கீழே இயக்குநரின் சிவப்பு முத்திரை.

இயக்குநர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "காலைல நான் சாப்பிடும்போது நீட்டினியே, அந்தத் தாளா இது?"

கோங் குனிந்து கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"த்வான்," என்றார் இயக்குநர் சுவரைப் பார்த்தபடி, "சாயங்காலம் வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடும்மா."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் சார்," என்றாள் சியூயிங்.