மிட்டாய் சார்

வேலையில் சேர்ந்த அன்றே மேலாளர் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவள் அதைப் பிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பக்கமும் முறுக்கிய காகிதம். அவள் குனிந்த தலை நிமிராமல் ஒரு முனையை இழுத்தாள், மறு முனையை இழுத்தாள், வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல கைம்மா உனக்கு" என்றார் மேலாளர். திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மிட்டாய் பிரிப்பதில் நல்ல கை என்ன, கெட்ட கை என்ன? அவளுக்கு விளங்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை அவள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்துக்கொண்டு நின்றால், அவர்கள் இறங்கும்வரை பொறுத்துக்கொள்கிற பிறவி.

ஆஸ்பத்திரிகளில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் கம்பெனி அது. நீளமான வராந்தா. முதலில் மேலாளர் அறை, அடுத்து ஸ்டோர், அப்புறம் பழுதுபார்க்கும் கூடம், பேக்கிங், எல்லாம் தாண்டிக் கடைசியில் சோதனை அறை. சரிசெய்த கருவியின் பட்டையை ஒரு மரக்கட்டையில் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றேற்றி, முள் சரியான எண்ணில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வேதியியல் படித்தவளுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் தனி அறை. தனி மேசை. தரைக்குப் புத்தம்புது நீல ரப்பர் விரிப்பு. அக்கா வீட்டுக் கூடத்தில், அக்கா பிள்ளைகளின் உதையை வாங்கிக்கொண்டு தூங்கி எழுகிறவளுக்கு அது அரண்மனை மாதிரி இருந்தது. மூன்று மாதம் ஒழுங்காக ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். அப்புறம் ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, அதற்கு ஒரு சாவி. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தினமும் காலையில் மேலாளர் வந்துவிடுவார். வாசற்படியில் நிற்பார், உள்ளே வரமாட்டார். கையில் மிட்டாய்.

"ராத்திரி நல்லா தூங்கினியாம்மா?"

"தூங்கினேன் சார்."

"சாப்பாடு இறங்குதா? வாய்க்கு ருசி தெரியுதா?"

"தெரியுது சார்."

"ஜன்னலைச் சாத்தாதேம்மா. காத்து வரட்டும்."

தன் அறையிலிருந்த மேசை விசிறியைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். மிட்டாய் பிரிக்கும்வரை நின்று விரல்களைப் பார்ப்பார். அப்புறம் கிளம்பிவிடுவார்.

மற்றவர்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஸ்டோர்காரர் கருவிகளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். பேக்கிங்கில் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுகிற வயசானவள் டீத் தட்டைத் தரையில் வைத்து, துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளிவிடுவாள், தெருநாய்க்குச் சோறு தள்ளுகிற மாதிரி. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"இன்னிக்கு என்ன கொடுத்தார் மிட்டாய் சார்?"

"மிட்டாய்தான். விசிறி போன வாரமே கொடுத்தாச்சு."

"நமக்கு இருபது வருஷமா ஒரு கல் உப்பு கொடுத்திருப்பாரா?"

"உனக்கு எதுக்கு? உன் கையைப் பார்த்தா அவருக்குப் பயமா இருக்கும்."

சிரித்தார்கள். அவள் பாத்திரம் நிரம்பும் முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காது மடல் எரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதில்களை மனசுக்குள் அடுக்கினாள். ஒன்றைவிட ஒன்று காரமாக வந்தது. என்ன பிரயோசனம்.

மேலாளரைப் பற்றியும் அவளுக்கு ஒரு முடிவு இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒரு சின்னப் பெண்ணிடம் தேன் ஒழுகப் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு நாள் உள்ளே வருவார். அன்றைக்கு இருக்கிறது அவருக்கு. கைப்பையில் பெரிய ஊக்கு ஒன்று போட்டு வைத்தாள். ஆனால் அவர் உள்ளே வரவே இல்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

ஒரு நாள் கேட்டார், "பல் தேய்க்கறப்ப ஈறுலேருந்து ரத்தம் கித்தம் வருதாம்மா?"

அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஒரு ஆண்பிள்ளை அவள் வாயைப் பற்றி விசாரிக்கிறான். உண்மையில் வந்துகொண்டுதான் இருந்தது. "இல்ல சார்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அவளுக்கே ஆச்சரியம், குரல் அவ்வளவு கூர்மையாக வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவளை உற்றுப் பார்த்தார்.

"கோபம் வருதா உனக்கு?" என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலம் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் பல்.

"உங்க சார் போன் பண்ணினார்டி."

"எதுக்கு?"

"எதுக்கா? பொண்ணு கேக்கத்தான். தங்கச்சி ராத்திரி நல்லா தூங்கறாளா, சட்டுனு எரிஞ்சு விழுவாளா, சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் கூச்ச சுபாவமா, ஒண்ணு விடாம கேட்டார். பிறந்ததுலேருந்தே வாயில்லாப் பூச்சி சார்னு சொன்னேன். அதைக் கேட்டதும் அவருக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மருமகன்னா இப்படித்தான் வேணும்னு நினைச்சிருப்பார்."

"மருமகள்" என்று திருத்தினார் மாமா, அக்காவின் புருஷன், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல். "அவருக்குப் பையன் இருக்கானா முதல்ல?"

"தெரியலையே."

"பையன் இல்லேன்னா அவரே மாப்பிள்ளை."

"சும்மா இருங்க. அவருக்கு உங்களைவிட முடி அதிகம், அந்தப் பொறாமை உங்களுக்கு."

"அந்த ஆள் பேச்சை எடுத்தீங்க, நான் சாப்பிட மாட்டேன்" என்று அவள் கத்தினாள். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை.

"இதென்னடி புதுசா இருக்கு" என்றாள் அக்கா.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், கருவியொன்றின் பின்மூடியைத் திருகும்போது திருகாணி கை நழுவி விழுந்தது. கொஞ்ச நாளாகவே ஏதாவது நழுவிக்கொண்டுதான் இருந்தது. திருகாணி உருண்டு சுவரோரம் போய், ரப்பர் விரிப்பு லேசாகத் தூக்கியிருந்த இடத்தில் அடியில் நுழைந்துகொண்டது. அவள் மண்டியிட்டு விரிப்பின் மூலையைத் தூக்கினாள்.

பழைய சிமெண்டுத் தரை. குறுக்கே ஒரு வெடிப்பு. அதற்குள் கடுகு கடுகாக வெள்ளி உருண்டைகள். திருகாணி இடித்ததும் இரண்டு உருண்டை ஒன்றாகி, பெரிதாகி, ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது.

பாதரசம் என்று தெரிய அவள் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. தெர்மாமீட்டரை உடைத்த குழந்தைக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் தூக்கினாள். இன்னும் ஒரு வெடிப்பு. அதிலும். முன்காலத்து ரத்த அழுத்தக் கருவியில் முள் கிடையாது, கண்ணாடிக் குழாயில் பாதரசம்தான் ஏறி இறங்கும். அதை எங்கேயோ ஊற்றியிருக்க வேண்டும், சிந்தியிருக்க வேண்டும். எங்கே என்று இப்போது தெரிந்தது. மண்டியிட்டபடியே இருந்தாள்.

பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஏறினால் தூக்கம் போகும். வாயில் இரும்பு ருசி அடிக்கும். ஈறு ரத்தம் விடும். எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் வரும். விரல் நடுங்கும், சின்ன வேலை எதுவும் செய்ய வராது, ஒரு மிட்டாய்க் காகிதத்தைக்கூட ஒழுங்காகப் பிரிக்க வராது. ஆளைக் கண்டால் கூசி ஒதுங்கச் சொல்லும். எல்லாம் மூன்றாம் வருஷம் படித்ததுதான்.

அந்தப் படிப்பை மேலாளர் தினம் காலையில் வாசற்படியில் நின்றுகொண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறார். இவள் பிறவிக் கூச்சத்தையே நோயோ என்று பயந்து அக்காவிடம் விசாரித்திருக்கிறார். பிறவிதான் என்று கேட்டு நிம்மதியாகியிருக்கிறார்.

எழுந்து நேராகப் பேக்கிங்குக்குப் போனாள். பெரியம்மா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி அந்த ரூம்ல இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?"

பெரியம்மா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒரு பொண்ணு இருந்துச்சு. காதல் தோல்வின்னு சொன்னாங்க. எல்லார்மேலயும் விழுந்து பிடுங்கும். கடைசியில டம்ளரைக்கூடப் பிடிக்க முடியல. அண்ணன்காரன் வந்து கூட்டிட்டுப் போனான்."

"தரையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

பெரியம்மா அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் கட்டையால தள்ளினீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிடுவே" என்றாள் பெரியம்மா. குரலில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. "அப்புறம் எங்கள்ல ஒருத்தரைப் பிடிச்சு அங்க உட்கார வைப்பான். எனக்கு மூணு பசங்க. உன்மேல எனக்கென்ன கோபம்? கிட்ட வந்து பழகிட்டா சொல்லிடுவேன். அதான் பழகல."

அவள் அன்று பாதி நாளில் கிளம்பினாள். அக்காவை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியில் விஷயத்தைச் சொன்னபோது அக்கா நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் "பாவி, அவன்கிட்ட நான் இளிச்சு இளிச்சுப் பேசினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மேலாளர் மிட்டாயோடு வாசற்படிக்கு வந்தபோது சோதனை அறை காலியாக இருந்தது. மேசை தரையைக் கீறிக்கொண்டு போன தடம் வராந்தா முழுக்கத் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது அவர் அறைக்குள் போய் முடிந்தது.

அவள் தன் மேசையை அவர் மேசைக்கு எதிரே முட்டினாற்போல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் கருவிகள், மரக்கட்டை. ஒரு கண்ணாடிக் குப்பியில் வெடிப்பிலிருந்து எடுத்த பாதரசம், இறுக மூடி.

மேலாளர் குப்பியைப் பார்த்தார். கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க சார். காத்து வரட்டும்."

அவர் கை கதவிலேயே நின்றது. வராந்தாவில் ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்தார். அவர் பின்னால் பெரியம்மா, துடைப்பத்தோடு.

"இதோ பாரும்மா" என்றார் மேலாளர், வழக்கமான குழைவோடு. "தரையைப் பெயர்க்கணும்னு நான் முதலாளிகிட்டச் சொல்லாமலா இருந்தேன்? பெயர்த்தா வெளியே தெரியும், கம்பெனியையே மூடிடுவாங்க, இத்தனை பேர் பொழப்பும் போயிடும்னார். சரி, நம்மால முடிஞ்சதுன்னு விரிப்புப் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன். உன்னை தினம் வந்து கவனிக்கலையா? முன்னாடி இருந்த பொண்ணை யாரும் கவனிக்கல. உனக்கு முதல் அறிகுறி தெரிஞ்ச உடனே மாத்திடணும்னுதான் இருந்தேன்."

"மாத்தி?"

"வேற யாரையாவது..." அவர் நிறுத்திக்கொண்டார். வாசலில் நின்றவர்கள் பக்கம் கண் போய் வந்தது.

பெரியம்மாவின் துடைப்பம் கீழே இறங்கியது.

"நேத்து பெரிய ஆஸ்பத்திரியில என் மூத்திரத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன் சார்" என்றாள் அவள். நான்கு பேருக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்கிற நாள் வரும் என்று அவளே நினைத்ததில்லை. முகம் சூடேறியது, ஆனால் நிறுத்தவில்லை. "எங்க வேலை பார்க்கறேன்னு கேட்டாங்க. கம்பெனி பேரும் ரூமும் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை தெரியும். ஆளை அனுப்பறோம்னு சொன்னாங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் உட்காருவேன்."

"வேலை நிரந்தரம் ஆகணும்ங்கற எண்ணம் இருக்கா இல்லையா?"

ஹாஸ்டல் கட்டிலும் அலமாரியும் அதன் சாவியும் ஒரு கணம் அவள் கண்முன் வந்தன. அந்தப் பூட்டைத் திறக்கிற விரலையும் நினைத்தாள்.

"இருந்துச்சு சார்."

மேலாளரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அதற்கு அடியில் இருந்த முகத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"வெளியே போ" என்றார். 'ம்மா' இல்லை, குழைவு இல்லை.

அவளுக்கு அது கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்தது. இந்த வார்த்தைக்கு யாரிடமும் போய் அர்த்தம் கேட்க வேண்டாம்.

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஆனால் அந்த நேரத்திலும், பழக்கத்தில், அவர் பார்வை அவள் கைக்குப் போனது.

அவள் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து, மேசையின்மேல் விரல்களை விரித்து வைத்தாள்.

"நல்லா பாருங்க சார். இன்னிக்கு இன்னும் பார்க்கலையே."

விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கோபத்திலா, மற்றதிலா என்று வியாழக்கிழமை தெரியும். வாசலில் நின்ற பெரியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் கைகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு தன் கைகளையும் அவற்றுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.