எந்த ஆட்டம் கணக்கில் சேரும்

தன் வாயாலேயே தன் வேண்டுதலைக் கெடுத்துக்கொண்டவள் என்று ராக்கம்மாவைப் பற்றித் தோட்டமே பேசியது. பேச்சில் பொய்யும் இல்லை. பூமி ஆடியது என்று ஊருக்குச் சொன்னவள் அவள்தான். அவள் சொல்லியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சிரம்பானை அடுத்த கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் அது. முந்தின வருஷம் அவள் புருஷன் சன்னாசி லாரியிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டான். அவன் எழுந்து நடந்தால் வருகிற திருவிழாவில் தீ இறங்குகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். இப்போது சன்னாசி நடக்கிறான், மோட்டார் சைக்கிள்கூட ஓட்டுகிறான். ஆத்தா தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி ராக்கம்மாவின் பங்குதான் பாக்கி. அதைச் செய்யாமல் விட்டால் கொடுத்த காலை ஆத்தா திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்று அவளுக்குப் பயம்.

கொடியேற்றத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது காய்ச்சல் கண்டு வீட்டிலேயே படுத்துவிட்டாள். எல்லாரும் பால் காட்டில், பட்டையைச் சீவிப் பால் இறக்க மரம் வெட்டிக்கொண்டிருந்த நேரம். கட்டிலை யாரோ பிடித்து மெல்ல இழுத்து விட்டதுபோல் இருந்தது. காற்றே இல்லை, கொடியில் கிடந்த துணிகள் ஆடின. குடத்துத் தண்ணீர் விளிம்பில் தளும்பியது. கொஞ்ச நேரம்தான். வேலை முடிந்து வந்தவர்களிடம், "பூமி ஆடிச்சு, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கோயில் வழக்கம் நினைவுக்கு வந்தது.

பூமி ஆடிய வருஷம் தீக்குழி வெட்டக்கூடாது. ஆத்தா ஏற்கெனவே சூடாக இருக்கிறாள், அவள் முன்னால் நெருப்பை வேறு மூட்டுவதா என்பது பெரியவர்கள் சொன்ன நியாயம். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டிதான் கோயில் தலைவர். அவர் வழக்கத்தில் ஒரு இம்மி விடமாட்டார். "இந்த வருஷம் காவடி உண்டு, கூழ் உண்டு. தீ இல்லை" என்று சொல்லிவிட்டார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல லா" என்றாள் அடுத்த வீட்டுப் பஞ்சாலை.

"ஆடுச்சே, அக்கா. ஆடுனதை ஆடலைன்னா சொல்ல முடியும்?"

"ஆடலைன்னு யாரு சொல்லச் சொன்னா? ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம்னுதானே சொல்றேன்."

அந்த வாரத்திலேயே ஒரு ஜீப் வந்தது. இறங்கியவள் சிரம்பான் செட்டியார் வீட்டுப் பெண், சௌந்தரவல்லி. ஓரிடத்தில் அணை கட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்துக்கு எவ்வளவு பெரிய ஆட்டம், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை வரும் என்று கணக்குப் போடுகிற வேலை அவளுக்கு. கணக்குக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய், யாருக்கு ஆட்டம் தெரிந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். மாயாண்டி அவளைக் கோயில் கொட்டகையில் உட்காரவைத்து, ராக்கம்மாவுக்கு ஆள் அனுப்பினார். பஞ்சாலை கூப்பிடாமலே வந்துவிட்டாள்.

ராக்கம்மா கட்டில், துணி, குடம் எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தரவல்லி தலையாட்டினாள்.

"சரியாத்தான் சொல்றீங்க அக்கா. சுமாத்ரா பக்கம் ஆடுனது இங்க வரைக்கும் வந்திருக்கு. சிரம்பான்ல மாடியில இருந்தவங்களும் இதையே சொன்னாங்க."

"இவங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?" என்று பஞ்சாலையைக் காட்டினாள் ராக்கம்மா.

"நடமாடிக்கிட்டு இருந்தா தெரியாதுக்கா. படுத்திருக்கணும், இல்ல உட்கார்ந்திருக்கணும்."

"அப்ப நாங்க மரம் வெட்டுறப்ப எத்தனை வந்து போச்சோ" என்றாள் பஞ்சாலை.

"அதுதான் எனக்கும் தலைவலி. சொல்ல ஆள் இல்லைன்னா ஆட்டம் வரலைன்னு ஆகிடுமா? என் கணக்குலதான் குறையும்."

மாயாண்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வருஷத்துக்கு ஒண்ணு வருமாம்மா?"

"பெருசு, சிறுசுன்னு பிரிச்சுக் கேக்கணுங்கய்யா. பெருசா ஒண்ணு வந்தா, அதுக்கு ஒரு படி கீழ உள்ளது பத்துப் போல வரும். இன்னும் ஒரு படி இறங்குனா நூறு போல. சிறுசு வந்துக்கிட்டேதான் இருக்கும். நாங்க ஒரு கோடு போட்டு, அதுக்குக் கீழ உள்ளதைக் கணக்குல சேக்குறதில்ல."

"ஏன் சேக்குறதில்ல?"

"அது அணையை ஒண்ணும் செய்யாது. அதையெல்லாம் எண்ணுனா அணையே கட்ட முடியாது."

"அணைக்கு நீங்க கோடு போடுவீங்க. ஆத்தாவுக்கு யார் போடுறது?"

"அது என் வேலை இல்லீங்களே" என்றாள் அவள், சிரிக்காமல்.

மாயாண்டி அம்மன் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் மூணு தடவை தீ இறங்கியிருக்கேன். அந்த வருஷமெல்லாம்கூட ஆடியிருக்குமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க. ஆனா சின்னதா ஏதாவது ஆடியிருக்கும்னு பந்தயம் கட்டுவேன்."

"கோயில்ல உட்கார்ந்து பந்தயம் பேசாதம்மா."

சொல்லிவிட்டு அவர் தம் பாதத்தைப் பார்த்துக்கொண்டார். மூன்று முறையும் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் குழியை விட்டு ஏறியவர் அவர். அதைத் தோட்டத்தில் அவர் சொல்லிக் கேட்காதவர்கள் கிடையாது.

ராக்கம்மா அந்த இடைவெளியில் நுழைந்தாள். "மண்டோரே, இந்த வழக்கம் எப்ப வந்துச்சு?"

"எங்கப்பா காலத்துல. கோயில் சுவரு மேலயிருந்து கீழ வரைக்கும் பிளந்துச்சு. அந்த வருஷம் தீயை நிறுத்துனாங்க. அந்தச் சுவரை இடிச்சுட்டுத்தான் இதைக் கட்டினோம்."

"அப்ப சுவரு பிளந்ததுக்குத்தானே நிறுத்துனாங்க? குடத்துத் தண்ணி தளும்புனதுக்கு இல்லையே?"

மாயாண்டி பதில் சொல்லும் முன் பஞ்சாலை முந்தினாள். "இந்தச் சுவத்துலயும்தான் கீறல் இருக்கு. மூலையில பாரு லா."

கருவறைக்குப் பின்பக்கம், தரையிலிருந்து முழங்கை நீளத்துக்குக் கோணலாக ஒரு கீறல் ஓடியிருந்தது. ராக்கம்மா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். அவள் அதை இதற்கு முன் பார்த்ததில்லை. வேண்டுதலை வைத்துக்கொண்டு, எப்போதும் இருந்ததுதான் என்று துணிந்து சொல்லவும் அவளால் முடியவில்லை. எல்லாரும் மாயாண்டியைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து போய்க் குந்தினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அதன் முனையைக் கீறலுக்குள் விட்டு மெல்லச் சுரண்டினார். உள்ளங்கையில் தூள் விழுந்தது. இன்னொரு இடத்திலும் சுரண்டினார். அவசரப்படவில்லை. சௌந்தரவல்லியும் பக்கத்தில் வந்து குனிந்தாள், ஆனால் கையை நீட்டவில்லை.

"சுண்ணாம்பு உள்ளுக்குள்ள போயிருக்கு" என்றார் கடைசியில். "போன திருவிழாவுக்கு அடிச்ச சுண்ணாம்பு. கீறல் அதுக்கும் முந்தினது."

உள்ளங்கையை ராக்கம்மாவிடம் காட்டினார். வெள்ளைத் தூள். பஞ்சாலையிடமும் காட்டினார், அவள் கேட்காமலே.

"சுவரு பிளந்தாத்தான் நிறுத்தணும். இனி அதான் வழக்கம். கொடியேத்துற அன்னிக்குக் காப்புக் கட்டிக்க வந்துரு."

ராக்கம்மா அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சௌந்தரவல்லியிடம் திரும்பினாள். "தங்கச்சி, நான் இறங்குற அன்னிக்குப் பெருசா ஒண்ணும் வராதுல்ல?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன்கா. வர்றதுக்கு ரொம்ப ரொம்பக் கம்மின்னு சொல்வேன்."

"படிச்சவங்ககிட்ட ஒரு வார்த்தையை முழுசா வாங்க முடியாது" என்றாள் பஞ்சாலை.

ஜீப் அடுத்த தோட்டத்தைத் தேடி ரெம்பாவ் பக்கம் போயிற்று. பஞ்சாலை செய்தியை முதலில் சொல்ல வேண்டுமென்று தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ராக்கம்மா மட்டும் கொட்டகைக்கு வெளியே, வருஷா வருஷம் குழி வெட்டுகிற இடத்தில் நின்றாள். இப்போது அங்கே வெறும் புல்தான். இத்தனை நாளும் தடுத்துவிடுவார்களோ என்பதுதான் அவள் கவலையாக இருந்தது. தடை போன பிறகுதான் நெருப்பு என்பது நெருப்பாகவே அவள் மனசில் வந்து நின்றது.

கோயில் கதவைப் பூட்டிக்கொண்டு மாயாண்டி வெளியே வந்தார்.

"மண்டோரே, சூடு எப்படி இருக்கும்?"

அவர் சாவியை இடுப்பில் செருகினார். "சூடாத்தான் இருக்கும்."

ராக்கம்மா அந்தப் புல்லை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் சேலை நனைத்துப் போட வீட்டுக்கு நடந்தாள்.