பீரோ மாஸ்டரின் கழுத்து

பீரோ மாஸ்டர் கழுத்தைத் திருப்பியதை முதலில் பார்த்தவர் போதகர்தான். ஆராதனை முடிந்து எல்லோரும் சபை வாசலில் நின்றிருந்தார்கள். யாரோ கண்ணாடியைப் பார்க்காமல் காரைப் பின்னால் எடுக்க, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டரின் தலை தன்னையறியாமல் சடக்கென்று திரும்பிவிட்டது. "அப்படியே நில்லுங்க பிரதர்" என்றார் போதகர். கண்கள் அதற்குள் புகைப்படக்காரரைத் தேட ஆரம்பித்திருந்தன.

பல வருஷங்களாகத் திரும்பாத கழுத்து அது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் மாஸ்டர் இடுப்பிலிருந்து மொத்தமாகத் திரும்புவார். இரண்டு பேர் பிடித்து நகர்த்துகிற பீரோ மாதிரி. பெயர் வைத்தவர்கள் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. 'உனக்கு இன்னும் ஓட்ட வரலை' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற மனிதருக்கு இதைவிட மோசமான பெயரும் வாய்த்திருக்கலாம்.

அன்று காலைதான் போதகர் நோயாளிகளை வரிசையாக நிறுத்திக் கைவைத்து ஜெபித்திருந்தார். மாஸ்டரை அந்த வரிசையில் தள்ளிவிட்டவர் அவருடைய சொந்த மனைவிதான், பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. சிக்கல் என்னவென்றால், கழுத்து அந்த ஞாயிறுக்கு முன்பே, வாரத்தின் நடுவிலேயே சரியாகிவிட்டது. அதைச் சொல்ல மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் போதகரின் உள்ளங்கை பிடரியில் இறங்கிவிட்டது.

மனைவியிடமே சொல்லாததற்குக் காரணம் தலையணை. பழைய துணிகளை அடைத்து மனைவி தன் கையால் தைத்தது. கல்யாணமான புதிதில் எப்படியிருக்கிறது என்று கேட்டபோது, சொர்க்கம் என்று சொல்லித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து தினமும் சொர்க்கத்தில்தான் தலைசாய்த்தார். அதைக் கருங்கல்லில் கட்டியிருந்தார்கள். அந்த வாரம் தூக்கத்தில் அது கட்டிலுக்குக் கீழே விழுந்தது. விழுந்தது நல்லதென்று விட்டுவிட்டு, மனைவி எழும் முன் எடுத்து மேலே வைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவரே தள்ளிவிட்டார். கழுத்து திரும்பியது. ஆனாலும் வீட்டுக்குள் பீரோவாகவே நடமாடினார்.

மறுநாளே சபை வாசலில் போஸ்டர் ஏறியது. வருகிற ஞாயிறு சிறப்புச் சாட்சிக் கூட்டம், குணமானவரே மேடையேறிச் சொல்வார். போதகரின் படம் பெரிதாக, கர்த்தரின் பெயர் நடுத்தரமாக, மாஸ்டரின் கழுத்து ஒரு சின்ன வட்டத்துக்குள்.

சனிக்கிழமை சாயங்காலம் மேடைக்கான சட்டையை மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி, மேடையிலும் இதையே சொல்லப்போவதாக முடித்தார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எத்தனை வெள்ளிக்கிழமை சாப்பிடாம இருந்து உங்க கழுத்துக்காக ஜெபம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும்."

"வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சாப்பிட்டாவது இருப்பேன்."

ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடக்கூடாதா, நாளைக்கு ஜெபக்குழு முகத்தில் எப்படி விழிப்பது என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். மாஸ்டர் சட்டையின் ஒரு கையை நீவிவிட்டார்.

"சபையை சமாளிச்சிடலாம். கடவுளும் அங்கதானே உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பார். அவர் செய்யாததுக்கு அவருக்கே நன்றி சொன்னா, அவருக்குக் கூச்சமா இருக்காதா?"

மனைவி காலரை இன்னொரு முறை தேய்த்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. "சரி, சொல்லுங்க. தலையணைன்னு சொல்லுங்க. என் தலையணைன்னு மட்டும் சொல்லாதீங்க." மாஸ்டர் வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறன்று போதகர் அறிமுகத்தைத் தொடங்கியபோது சாதாரணக் கழுத்துவலியாக இருந்தது, முடிக்கும்போது இரும்புச் சங்கிலியாகியிருந்தது. டாக்டர்கள் கைவிட்ட கழுத்து என்றார். எந்த டாக்டரும் அதைக் கையில் எடுத்ததேயில்லை.

மாஸ்டர் மைக்கை வாங்கினார். "கழுத்து திரும்புது. அதுக்கு தினமும் ஸ்தோத்திரம் சொல்றேன். ஆனா, ஐயா ஜெபம் பண்றதுக்கு முன்னாடியே அது சரியாயிடுச்சு. தலையணை சரியில்லை. அது இல்லாம படுத்தேன். அவ்வளவுதான்."

தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. ஆனால் போதகர் அனுபவசாலி. சத்துருவாகிய சாத்தான் அந்தத் தலையணைக்குள்தான் ஒளிந்திருந்தான் என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தார். இப்போது தட்டினார்கள்.

"சொல்லுங்க பிரதர், அந்தத் தலையணையை உங்க வீட்டுக்குள்ள கொண்டுவந்தது யாரு?"

மாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் வாக்கு போயிற்று. மனைவிக்குச் சத்துருவோடு கூட்டு என்று இந்த ஊர் உள்ளவரைக்கும் பேசுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பதில் இல்லை.

ஜெபக்குழு வரிசையில் மனைவி எழுந்தார்.

"நான்தாங்க ஐயா. நான் தைச்சது. சத்துரு எல்லாம் ஒண்ணுமில்லை, துணியைக் கொஞ்சம் அதிகமா திணிச்சிட்டேன்."

முதலில் சிரித்தது ஜெபக்குழுதான். பக்கத்தில் இருந்தவர் மனைவியின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். மனைவி கொஞ்சநேரம் முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். மேடையில் மாஸ்டர் மைக்கிலேயே சிரித்துவிட, அது ஒலிபெருக்கி வழியாகத் தெருவரைக்கும் போனது.

போதகர் மைக்கைத் திரும்ப வாங்கி, எல்லோரும் எழுந்து நின்று பாடுவோம் என்றார். எழுந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு தபால்காரர் இருந்தார். போன வருஷத்துப் போஸ்டரில் வந்தது அவருடைய முழங்கால். குணமான முழங்கால் என்று ஊரறியச் சொன்ன பிறகு பாட்டு நடக்கும்போது உட்கார முடியுமா என்ன, எத்தனை பாட்டு என்றாலும் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். இன்றும் நின்றார். முதல் சரணம் முடிந்தது. மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மாஸ்டரை ஒருமுறை பார்த்தார். முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல, மிக மெல்ல, உட்கார்ந்தார்.

மாஸ்டரின் மனைவி பாட்டை நிறுத்தாமலே காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவர் முன்னால் போட்டார். தபால்காரர் காலைத் தூக்கி அதன்மேல் நீட்டினார். பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் உட்கார, நாற்காலிகள் கிறீச்சிட்டன. தபால்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, நின்றவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக, சுருதி தப்பிப் பாடிக்கொண்டிருந்தார்.