ரயிலைத் தவறவைக்கும் வாழ்த்து

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு கிழவர் எங்களுக்கெல்லாம் நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அதன் மேல் வந்த கோபம். இதை முதல் வாக்கியமாக வைக்கக் கூச்சமாக இருந்ததால் வேறு சில கௌரவமான தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

பனி மூடிய மலைகளுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு

(வேண்டாம். மலை எப்போதும் அங்கேதான் நிற்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. பேருந்து வருகிறதா என்றுதான் பார்க்கிறோம்.)

ஒருங்கிணைந்த பொதுப் போக்குவரத்தானது வட்டார வளர்ச்சிக்கும் சமூகத்தின்

(வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவர் எங்கள் ஊர்க் கூட்டத்தில் இப்படித்தான் பேச ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் முன்வரிசைக் குழந்தை தூங்கிவிட்டது.)

புருல்சா அண்ணிக்கு ரயில் கிடைக்கவில்லை.

இது போதும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

புருல்சா என் அண்ணன் மனைவி. அண்ணன் ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலை செய்கிறான். அண்ணி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். நகரத்துப் பால் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது அண்ணன் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னான்: வேலை நிலைத்தால் அங்கேயே இரு, நானும் திரும்பி வந்துவிடுகிறேன். நிலைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்.

அவள் இரண்டு தடவை தாமதமாகப் போய்விட்டாள். மூன்றாவது தடவை வாசலிலேயே திரும்பிப் போய்விடலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதாவது இன்னும் ஒரு ரயில் தவறினால் எங்கள் வீட்டில் மூன்று பேர் குறைவார்கள். கதையில் வேறு ஆபத்து எதுவும் இல்லை. கொலை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

முன்பெல்லாம் ரயில் நிலையத்துக்கு வேன்தான். வேன் நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் நிரம்பும்வரை உட்கார்ந்திருப்போம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நான் போனதும் அதில்தான். குளிர்காலத்தில் ஆள் சேராது. காலையில் முதல் பாடம் என்று ஒன்று உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு மற்றப் பாடங்களையும் விட்டுவிட்டேன். (இதைப் பெரிய சோகமாக ஒரு பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். கணக்குப் பாடம் போனதற்கு யாரும் அழ வேண்டாம்.)

போன வசந்தத்தில் பேருந்து வந்தது. ரயில் நேரத்தை வைத்துத்தான் அது கிளம்பும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டுக்கும் ஒரே சீட்டு. மாலையில் ரயில் தாமதமானால் பேருந்து காத்திருந்து கூட்டிவரும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் அதற்குப் பிறகு பூட்டிக் கிடந்த மருந்துக்கடை திறந்தது, ஏனென்றால் மருந்து கொடுக்கும் பெண்ணால் நகரத்திலிருந்து தினமும் வந்துபோக முடிந்தது. நிறுத்தத்தில் ஒருத்தி ரொட்டி அடுப்பு போட்டாள். சுவரில் 'வீடு விற்பனைக்கு' என்று எழுதி வைத்திருந்தவன் அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தான். வளர்ச்சி என்ற சொல் எனக்கு வாயில் நுழைவதில்லை. நான் சுண்ணாம்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

4

இனி வில்லன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பயணம் கிளம்பும்முன் பெரியவர் ஒருவர் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்துவார். எல்லோரும் கைகளை விரித்துக் கேட்போம். கடைசியில் 'ஓமின்' என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொள்வோம். யார் ஓமின் சொல்லிவிட்டாலும் முடிந்தது. அதற்கு மேல் அந்தப் பெரியவரே ஒரு சொல் சேர்க்க முடியாது.

எங்கள் பேருந்தின் பெரியவர் சூரோன்பாய். எனக்குப் பெரியப்பா முறை. நகரத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. தினமும் ரயில் நிலையம் வரை வந்து, தேநீர் குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்புவார். வாழ்த்துவதற்காகவே ஏறுகிறார். முதலில் ஓட்டுநர், பிறகு சக்கரங்கள், பிறகு ஏறியிருக்கும் ஒவ்வொருவரும், அவர்கள் வீட்டு ஆடுமாடு, பட்டாளத்தில் இருக்கும் பையன்கள். அண்ணி இரண்டாவது தடவை தாமதமான அன்று அவர் அவளுக்காகத் தனியாகவே வேண்டினார்.

"இந்தப் புள்ளைக்கு ரயில் ஒரு நாளும் தவறாம இருக்கட்டும்" என்றார். ரயில் அப்போது நிலையத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

(இப்படி அமைந்தது என் திறமை அல்ல. உண்மையில் நடந்தது.)

5

யாராவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓட்டுநர் எசெனிடம் அண்ணி கெஞ்சினாள்.

"எசென் அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"என்னம்மா நீ. அவரு எம் மாமனாரு. வண்டிய நான் ஓட்டுறேன், என்னைய அவரு பொண்ணு ஓட்டுறா."

அண்ணியாலும் முடியாது. வாழ வந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரையே மருமகள் சொல்லக் கூடாது. அவள் அவரை 'நீளமூச்சு' என்பாள், அதையும் சமையலறையில் மட்டும். ஓடும் வண்டியில் வாழ்த்தலாமே என்று எசென் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார். கிழவர் சம்மதித்தார். வளைவில் எல்லோரும் கைகளை விரித்தார்களாம், எசெனும் இரண்டு கைகளையும் விரித்தாராம். அன்று பிழைத்த ஆடுகள் இன்னும் எங்கள் பேருந்தைக் கண்டால் ஒதுங்குகின்றன. பேருந்தை முன்னதாகவே எடுக்கலாம் என்றால், அது பக்கத்து ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் இன்னொரு வண்டியின் நேரத்தோடு பிணைக்கப்பட்டது. ஒன்றை இழுத்தால் எல்லாம் இழுபடும். ஒருங்கிணைப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது.

6

இங்கே கதை என் கையை விட்டுப் போனது. வில்லனை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கலாம் என்று அவரைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வேன் காலத்தில் வாழ்த்து நீளமாக இருப்பதுதான் சௌகரியம் என்றாள் அம்மா. ஆள் சேரும்வரை குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கிப் போய்விடாமல் அவர்தான் பேசிப் பிடித்து வைப்பார். கடைசி இருக்கை நிரம்பும் நேரத்துக்குச் சரியாக முடிப்பார். வேன்காரர்கள் தேடிவந்து அவரைக் கூட்டிப்போவார்களாம். நான் பள்ளிக்குப் போக முடிந்த சில நாட்களும் அவர் பேச்சின் தயவில்தான். பிறகு அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள், மகன்கள் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பேசினால் கேட்க ஆள் இருக்கும் ஒரே இடம் இந்தப் பேருந்து.

வில்லன் போய்விட்டான். வேன் போய்விட்டது. வேனுக்காகப் பழகிய மூச்சு மட்டும் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியர் என்ன

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

7

அந்தக் காலை. எனக்குப் பல்வலி, நகரத்து மருத்துவரிடம் போக நானும் ஏறியிருந்தேன். இல்லாவிட்டால் நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. கிளம்பும் நேரம் வந்தது. பெரியப்பா எழுந்து கைகளை விரித்தார். ஓட்டுநர் முடிந்தார். சக்கரங்கள் முடிந்தன. மருந்துக்கடை, ரொட்டி அடுப்பு, அதன் சூடு குறையாமை.

அண்ணியின் உள்ளங்கைகள் விரிந்திருந்தன. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி மிச்சமிருந்த நிமிடங்களை எண்ணின. எசென் கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

பெரியப்பா மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இருங்க, இன்னும் மாட்டுக்கே வரல" என்றார்.

வண்டியில் இருந்த எல்லோரும் அவருக்கு மருமகனாகவோ மருமகளாகவோ ஆகவேண்டியவர்கள், குறுக்கே பேசக் கூடாதவர்கள். ஆகாதவள் நான் ஒருத்திதான். ஆனால் யாராவது என் பெயரைக் கேட்டாலே தரையைப் பார்க்கிற ஆள் நான். போதாததற்குக் கன்னம் வேறு வீங்கியிருந்தது.

8

முடிவுகள்.

ஒன்று. நான் 'ஓமின்' என்றேன், எல்லோரும் பழக்கத்தில் முகத்தைத் தடவிக்கொண்டார்கள், எசென் வண்டியை எடுத்தார். (எழுதிப் படித்தேன். இந்த வீராங்கனை யார்? அந்தப் பெண் எனக்கு அறிமுகம் இல்லாதவள்.)

இரண்டு. பெரியப்பா அண்ணியின் விரல்களைப் பார்த்துவிட்டுத் தானே முடித்துக்கொண்டார். கண்கள் கலங்கின. (அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. விரலை எப்படிப் பார்ப்பார்?)

மூன்று. அவர் மாட்டுக்கு வந்தார். கன்றுக்கும் வந்தார். அண்ணி வீட்டுக்குத் திரும்பி, பிள்ளைகளின் குளிர் உடுப்புகளை எடுத்து

(இதை எழுத மாட்டேன். பேனாவைப் பிடுங்கினாலும் எழுத மாட்டேன்.)

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் நிம்மதியாகவோ வருத்தமாகவோ எழுந்து போய்விடுவீர்கள். நாங்கள் மட்டும் கைகளை விரித்தபடி உட்கார்ந்திருப்போம். அது நியாயமில்லை. எனக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. ஆள் நிரம்பாமலே கிளம்புகிற வண்டி இது, உங்களுக்கு இடம் உண்டு. உட்காருங்கள். கைகளை விரியுங்கள். நீங்கள் எங்கள் ஊரில் யாருக்கும் மருமகளும் இல்லை, மருமகனும் இல்லை.

பெரியப்பா மூச்சை இழுத்து முடிக்கப்போகிறார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவள் உங்களைப் பார்க்கிறாள்.

ஒரே ஒரு சொல். சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.