எட்டின் தலைப்பக்கம்

நீங்கள் படுத்துத் தூங்கும் அறையின் சுவரில் யாரோ சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன நினைப்பீர்கள்? நான், அறை போகப்போகிறது என்று நினைத்தேன்.

அறை என்று சொல்வதுகூட அதிகம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காலனிப் பூங்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மோட்டார் ரூம் அது. மோட்டார் வெளியே சிமெண்ட் மேடைமேல், தகரத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே நான் இருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் விட்டு, குப்பை பொறுக்கி, கேட்டைப் பூட்டுவது என் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அங்கே அண்ணன் ஒருவன் இருக்கிறான், பேச்சு கிடையாது. இந்த அறை போனால் எனக்கு வேறு இடம் இல்லை.

பூங்காவில் எட்டு போடுவதென்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. எட்டு வடிவப் பாதையில் தினமும் நடந்தால் சர்க்கரை இறங்கும், முட்டிவலி போகும் என்கிறார்கள். வெறும் மண்ணில் செங்கல் பதித்த எட்டு இல்லை இது. ஈரக் கான்கிரீட்மேல் கலர்ப் பொடி தூவி, ரப்பர் அச்சை வைத்து மிதித்து, பாறை பாவியது மாதிரி தெரியவைக்கும் டிசைன் கான்கிரீட். இரண்டு ஓரமும் மஞ்சள் கோடு, நடக்கும் திசைக்கு அம்புக்குறி.

சங்கச் செயலாளர் சுப்ரமணியன் சார் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு தெற்கு வடக்காகத்தான் இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பலன் இல்லை என்று சொல்லிவிட்டார். தெற்கில் வேப்பமரம் நிற்கிறது. அதைத் தொடக்கூடாது என்று காலனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. வடக்கில் என் அறை. அதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

கான்கிரீட் வேலைக்கு வந்த கேசவன் குன்றத்தூர்க்காரன். சும்மா ஒரு அளவு பார்க்கலாம் என்று வேப்பமரத்தடியில் ஆணி அடித்து நூலை இழுத்துக்கொண்டு வந்தான். நூல் நேராக வந்து என் அறையின் மூலையில் முட்டியது. அவன் நூலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், சாக்பீஸை எடுத்தான்.

"எதுக்கு அந்தக் குறி?" என்றேன்.

"வேலைக்குத்தான்."

"என்ன வேலைக்குன்னு சொல்லுதீங்களா?"

"சொல்லுதீங்களாவா? எந்த ஊரு தல நீ?" என்று சிரித்தான். "நூலு எங்க போதோ அங்க நான் போறேன். மீதிய சாராண்ட கேளு."

சாரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் நானே ஞாபகப்படுத்திவிட்ட மாதிரி ஆகிவிடும். கேட்காமல் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என்னைப் பூங்கா கேட்டோடு சேர்த்துப் பார்த்தவர்கள் திடீரென்று நல்லபடியாகப் பேசினார்கள். அதுதான் பயமாக இருந்தது. சுப்ரமணியன் சாரின் மனைவி வேதா மேடம் ஒரு டப்பாவில் வத்தக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

"ஊர்ல உங்களுக்கு யாரு இருக்கா, வெற்றிவேல்?"

"அண்ணன் இருக்கான் மேடம்."

"அப்ப போனா தங்கறதுக்கு வீடு இருக்கு."

மறுநாள் சார் வந்து, "உங்க ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வேணுமே" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை. டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, இதற்கும் ஏதாவது அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ என்று இருந்தது.

என் போனில் திசை காட்டும் ஆப் ஒன்று உண்டு. வேலை இல்லாத நேரத்தில் அதைத் திறந்து ஊர் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பூங்காவின் நடுவில் நின்றால் தென்மேற்கே சரியாகக் காட்டும். மோட்டார் மேடையில் வைத்தால் மட்டும் முள் கோணிக்கொள்ளும், ஊரும் இடம் மாறிவிடும். இரும்பு இழுக்கிறது என்று புரிந்துகொண்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் இல்லை.

சித்திரை முடியும் சமயம். கடைசியாகத் திசை பார்த்துக் கோடு போட சார் போனோடு வந்தார். நல்ல வெயில். ஸ்கிரீன் தெரியாமல் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார்.

"நிழலுக்கு வாங்க சார்," என்றேன். "இந்த மேடைல வைங்க. ஆடாம சமமா இருக்கும்."

வைத்தார். முள் ஒரு சுற்றுச் சுற்றி, மேற்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தக் கோணத்தில் நூல் பிடிக்கச் சொன்னார். நூல் என் அறையை விட்டு விலகி, பக்கத்தில் இருந்த செம்பருத்தியை நோக்கிப் போனது. கேசவன் ஒரு முறை வானத்தைப் பார்த்தான். பிறகு சுண்ணாம்புத் தூளைத் தூவினான். செம்பருத்தியை நானே பிடுங்கி வேறு இடத்தில் நட்டேன்.

கான்கிரீட் போட்டு, அச்சு மிதித்து, பொடியைக் கழுவினார்கள். காயாமல் தண்ணீர் காட்டச் சொல்லி என்னிடம் விட்டார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி குளிப்பாட்டினேன். சாக்குப் போட்டு மூடினேன், நாய் விரட்டினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஈரத்தில் குற்றாலத்துப் பாறை மாதிரி இருந்தது.

மஞ்சள் கோடு அடிக்க வந்த அன்று கேசவனிடம் சுவரைக் காட்டினேன்.

"இன்னும் அழிக்கலையே. எப்ப இடிக்கப் போறீங்க?"

"இன்னாத்த இடிக்கறது?"

"ரூமை."

பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு என்னையே பார்த்தான். "லெவல் மார்க் தல அது. தரை மட்டம் பாக்கறதுக்கு கிட்டக்க கீற செவுத்துல போடறதுதான். ரூம இட்ச்சிட்டு மோட்டாருக்கு யார் காவலு? மேல் ரவுண்ட கொஞ்சம் சின்னதா போட்டுக்கலாம்னு சார் மொதல்லயே சொல்லிட்டாரு. அப்றம் அவரே நார்த்த வேற பக்கம் காமிச்சாரு, நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?"

அவன் சொன்னதை நம்பலாமா என்று தெரியவில்லை. நம்பினால் நான் செய்தது எதற்கு என்று ஆகிவிடும். நம்பாமல் இருப்பதே சுலபமாக இருந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் திறப்பு விழா. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு பொட்டலம். வேதா மேடம்தான் முதலில் நடந்தார். வேப்பமரத்தில் இருந்து என் அறைப் பக்கம் வந்தவர் பாதியில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, வடக்க பாத்துதானே நடக்கறேன்? வெயில் நேரா மூஞ்சில அடிக்குதே."

"வைகாசில சூரியன் வடக்க தள்ளித்தான் இறங்கும். நட."

"அதுக்காக இவ்ளோவா? எந்தக் கடைல வாங்கினீங்க இந்த வடக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு வாயில் போட்ட சுண்டலை மெல்லாமல், மஞ்சள் கோட்டை வேப்பமரம் வரைக்கும் பார்த்தார். அப்புறம் திரும்பி என் பக்கம் பார்த்தார். நான் குனிந்து காலிப் பொட்டலங்களைப் பொறுக்கினேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது சுப்ரமணியன் சார் மோட்டார் மேடைமேல் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு எட்டின் நடுவுக்குப் போய் நின்று பார்த்தார். திரும்ப வந்து மேடையில் வைத்தார். மறுபடியும் நடுவில் போய் நின்று, முள் காட்டிய பக்கத்துக்கு மெதுவாகத் திரும்பினார். அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.