மேலாளர் நாற்காலியின் சத்தம்

அந்த வருடம் எனக்கு ஒரு மாதக் கெடு இருந்தது. அதற்குள் ஒரு பெரிய அலுவலகத்தின் நாற்காலிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் என் பழுதுபார்க்கும் கடையை மூடிவிட்டு மச்சினனின் மெத்தைக் கடையில் சேர வேண்டும். கெடு வைத்தவள் என் மனைவி. மச்சினன் கடையில் வேலை என்னவென்றால், கண்ணாடிக்குப் பின்னால் மெத்தையில் படுத்து, சுகமாகத் தூங்குவதைத் தெருவுக்குக் காட்டுவது.

“உங்களுக்குன்னே செஞ்ச வேலை மச்சான். அனுபவம் வேற நிறைய இருக்கு” என்றான் மச்சினன்.

நான் சுழல் நாற்காலி மெக்கானிக். இருக்கையில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தே, உட்காருகிறவர் என்ன பதவி, எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், மாமியார் கூட இருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். ஒரு பள்ளத்தைப் பார்த்து “இவருக்கு மாற்றல் வரும்” என்றேன்; வந்தது. அதற்கப்புறம் இரண்டு பேர் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு எதிர்காலம் கேட்க வந்துவிட்டார்கள்.

ஆறு மாடி அலுவலகம் ஒன்றில் முந்நூற்று நாற்பது நாற்காலிகள் இருந்தன. ஒப்பந்தத்தை முடிவு செய்பவர் மூன்றாம் மாடி மேலாளர். “என் நாற்காலில ஒரு சக்கரம் சுத்த மாட்டேங்குது. அதைப் பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றார்.

சக்கரம் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த நாற்காலி போட்ட சத்தம் இருக்கிறதே, அவர் எழுந்தால் மாடிப்படியில் வருகிறவர்கள் ஏதோ வண்டி வருகிறதென்று ஓரமாக ஒதுங்கினார்கள். எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? யாரும் கேட்காமலே ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸ் போட்டு, சத்தத்தை ஒழித்துக் கட்டினேன்.

மேலாளர் எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். “வியாழக்கிழமை வாங்க” என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் தலைமை எழுத்தர் அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துக் கோப்பு அலமாரிக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“ஏண்ணே, நாங்க உங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம்?”

“என்னம்மா ஆச்சு?”

“அவர் எந்திரிக்கிறதே தெரிய மாட்டேங்குது. நேத்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன், நிமிர்ந்தா பக்கத்துல நிக்கிறாரு.”

தபால் பிரிவுக்காரர் அதைவிட நொந்திருந்தார். “நான் குறட்டை விட்டுக்கிட்டிருந்தேன். எழுப்பியிருந்தாக்கூடப் பரவாயில்லண்ணே. அது முடியட்டும்னு காத்துக்கிட்டு நின்னிருக்காரு.”

“ஒப்பந்தத்துக்கு எங்ககிட்டயும் கருத்து எழுதி வாங்குவாங்க” என்றார் அம்மாள். “பழைய சத்தத்தைக் கொண்டாந்துருங்க. நாங்க கேட்டோம்னு மட்டும் உள்ள சொல்லிடாதீங்க.”

மேலாளர் அறைக்குள் போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

“சக்கரத்தைத்தானேங்க பாக்கச் சொன்னேன்?”

“ஆமாங்க. கையோட அந்தச் சத்தத்தையும்...”

“அதை வளர்த்தெடுக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு” என்றார். “எந்திரிக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவை ஆட்டுவேன். அவங்க சுதாரிச்சுக்குவாங்க. நான் போறப்ப எல்லாரும் வேலை பாத்துக்கிட்டிருப்பாங்க. வேலையும் நேரத்துக்கு முடிஞ்சுரும். இப்ப எல்லாத்தையும் கண்ணால பாத்துத் தொலைக்கிறேன். பாத்தா கேக்கணும். கேட்டா அன்னிக்குப் பூரா எனக்குச் சாப்பாடு இறங்காது. பழையபடி ஆக்கிடுங்க. நான் சொன்னேன்னு வெளியில தெரிய வேணாம்.”

“அவங்களும் இதைத்தாங்க கேக்குறாங்க” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் என்னைக் கொண்டாடியிருக்கும், ஒருநாள். மறுநாளிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. மென்று விழுங்கினேன்.

சத்தத்தை எடுப்பது சுலபம். வரவழைப்பதுதான் பெரும் பாடு. முதலில் வாத்து மாதிரி வந்தது. மேலாளர் முதுகுக்குப் பின்னால், கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அம்மாள் இல்லையென்று தலையாட்டினார். அடுத்து இரும்புக் கதவு மாதிரி வந்தது. மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதாக, துருப்பிடித்த வாஷர் ஒன்றைப் போட்டு ஆட்டினேன். வெளியே நாற்பது பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பேனாவை எடுத்தார்கள். தபால் பிரிவுக்காரர் குறட்டையைப் பாதியில் நிறுத்தினார்.

மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார். “வெளியில எதுவும் சொன்னாங்களா?”

“ஸ்வெட்டர் எப்படிப் பின்றதுன்னு பேசிக்கிட்டிருந்தோங்க.”

வெளியே வந்ததும் அம்மாள் கேட்டார்: “உள்ள என்னண்ணே சொன்னாரு?”

“சக்கரம் நல்லா ஓடுதுன்னாரும்மா.”

ஒரு வாரத்தில் நாற்பது கருத்துச் சீட்டுகள் மேலாளர் மேசைக்கு வந்தன. உண்மைக் காரணத்தை எழுத யாருக்கும் வழியில்லை. ஒருவர் ‘தங்கமான மனிதர்’ என்றும், இன்னொருவர் ‘அதிகம் பேசாதவர்’ என்றும் எழுதியிருந்தார்கள். நாற்காலியைப் பற்றி ஒரே ஒரு வரிகூட இல்லை. மேலாளர் எல்லாவற்றையும் படித்துவிட்டு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் சொல்லி ஐந்தாம் மாடி அதிகாரி வந்தார். “எனக்கும் ஒரு சத்தம் போட்டுக் குடுங்க. ஆனா கொஞ்சம் மென்மையா இருக்கணும்” என்றார்.

புறப்படும்போது அம்மாள் டீ வரவழைத்து, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அது இடது பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தது. ஒப்பந்தம் நாளை முதல்தான் என்பதால், நானும் சாய்ந்தபடியே உட்கார்ந்து டீயைக் குடித்தேன்.