பை சுமக்காத துணி

சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மூன்று மணி வரை நேரம் இருந்தது. சோதனைக்கூடத்துக்காரிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், செயற்கை மழைக் கூண்டுக்குள் தொங்கிய ஜாக்கெட்டை மறுபடியும் போய்ப் பார்த்தாள். தண்ணீர் துணியில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மழை ஜாக்கெட் தைக்கும் நிறுவனம் அது. தண்ணீர் ஒட்டாமலிருக்க இதுவரை துணியில் பூசிவந்த ரசாயனம் ஆற்றில் கலந்தால் எளிதில் சிதையாது. அதை விட்டொழிக்க, தாவர மெழுகுப் பூச்சு ஒன்றை ஒன்றரை வருடம் மல்லுக்கட்டிக் கொண்டுவந்தவள் அவள்தான். அவள் கையெழுத்திட்டால் மறுநாளே உற்பத்தி.

அவளை அரித்தது அக்காவின் பேச்சு. அக்கா சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவள். ஐந்து வாரமாக அந்த ஜாக்கெட்டைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது கேட்டாலும், “சூப்பர்டி, சொட்டுத் தண்ணி உள்ள வரல” என்பாள். கட்டிய புருஷனையே நொட்டை சொல்லாமல் விடாதவள் வாயில் இப்படியொரு பாராட்டா?

பதினொரு மணிக்கு மழை வலுத்தது. பொறுக்கமாட்டாமல் குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பார்சல் கிடங்குக்கு நடந்தாள். அக்கா அப்போதுதான் வந்து ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்சட்டையின் இரண்டு தோளிலும் பார்சல் பை வாரின் அகலத்துக்கு ஈரப் பட்டை.

“என்னக்கா இது?”

“வேர்வைடி.”

“வார் போட்ட இடத்துல மட்டும் வேர்க்குமா?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ரெண்டாவது வாரத்துலேர்ந்தே இப்படித்தான். சோறு தண்ணி இல்லாம இதுக்காக அலைஞ்சே. நான் ஒரு வார்த்தை சொல்லி எல்லாம் நின்னுபோச்சுன்னா? நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போறேன், நான் என்ன உப்பா கரையறதுக்கு?”

“வாங்கினவங்க எல்லாம் பழைய ஜாக்கெட்டே தேவலன்னு போயிடுவாங்கக்கா! அப்புறம் இந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டாங்க.” ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று திரும்பினாள்.

விளக்கின் கீழே பிடித்ததும் புரிந்தது. பை வார் உரசி உரசித் தோளில் பூச்சு தேய்ந்திருந்தது. மிச்சம் இருந்த இடத்தில் வியர்வையும் ரோட்டுப் புழுதியும் அப்பியிருந்தன. கூண்டில் தொங்கியதோ புத்தம் புதுத் துணி. அது ஒருநாளும் பை சுமந்ததில்லை.

அவள் கையெழுத்துப் போட முடியாது என்றதும் மேலாளர் தலையில் கைவைத்தார். “டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சேம்மா! கடைக்காரங்களுக்குத் தேதி வேற சொல்லியாச்சு.”

“இதைப் போட்டுட்டு, பையை மாட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் கூண்டுக்குள்ள நில்லுங்க சார். நனையலன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

வீம்புக்கு நின்றார். வெளியே வந்து சட்டைத் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். ஜாக்கெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“எவ்வளவு நாள் வேணும்?”

“தோளுக்குக் கெட்டித் துணி வைக்கணும். ஆறு வாரம்.”

“அதுக்குள்ள முடியலன்னா பழைய பூச்சுதான். சொல்லிட்டேன்.”

கிடங்கில் அக்காவோடு சேர்த்து ஆறு பேருக்கு, தோளில் கெட்டித் துணி வைத்த ஜாக்கெட் கொடுத்தாள். தினமும் மதியம் போய் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்தாள். “டாக்டரம்மா வந்தாச்சு, தோளைக் காட்டுங்க” என்று கேலி செய்தார்கள். முதலில் வைத்த துணி ஒன்பதாம் நாளே ஊறிவிட்டது. அதை முதலில் சொன்னவள் அக்கா, அதுவும் போனில் கத்தி. அடுத்து வைத்த துணி தாங்கியது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கையெழுத்திட்டாள். துவைத்தபின் மெழுகு மறுபடி பரவ மிதமான சூட்டில் இஸ்திரி போட வேண்டும், இல்லாவிட்டால் நனையும் என்று விலை அட்டையிலேயே அச்சடிக்கவும் வைத்தாள். மேலாளர் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்.

முதல் லாரி கிளம்பிய அன்று வெயில் சுட்டெரித்தது. அவள் வாசலில் நின்று, மழை எப்போது வரும் என்று செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.